மொழியை முகவரியில் வையுங்கள்: பிஎச்பியில் பன்மொழித் தளம் கட்டும் முறை

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தங்கும் விடுதிகளுக்கும் தேயிலைக் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. சீசன் வந்துவிட்டால் நாடுகாணி வழியாக மலையாளிகள், குண்டல்பேட்டை வழியாகக் கன்னடர்கள், மேட்டுப்பாளையம் வழியாக மற்ற எல்லோரும் என்று மலை நிரம்பிவிடும். விடுதிக்காரர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான்: "தம்பி, வருகிறவர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்து, அந்த மொழியில் தளம் தானாகத் திறக்க வேண்டும்."

நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஐபி முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பது இந்த மலையில் சுத்தமாக எடுபடாது. கைப்பேசி நிறுவனம் இணைப்பை எந்த நகரத்தின் வழியாக வெளியே விடுகிறதோ அந்த நகரம்தான் சர்வருக்குத் தெரியும். பந்தலூர்த் தேயிலைத் தோட்டத்தில் நிற்பவர் சென்னைக்காரராகவோ கொச்சிக்காரராகவோ பதிவாகலாம். ஊர் சரியாகத் தெரிந்தாலும் மொழி தெரிந்துவிடாது. பெங்களூரில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழரைக் கன்னடப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த நமக்கு என்ன உரிமை? சர்வர் ஒரு மொழியை முன்வைக்கலாம், முடிவு செய்ய வேண்டியவர் வாசிப்பவர். அந்த முடிவு பக்கத்தின் இணைய முகவரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கீழே வரும் எல்லாம் இந்த ஒரு தீர்மானத்திலிருந்து பிறப்பவை.

சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியை வைத்தே சொல்கிறேன். ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் அதுதான் தயாராக இருக்கிறது. பைத்தானிலோ நோடிலோ எழுதுபவர்களுக்கும் வரிசை இதேதான்.

முகவரி

தளத்தின் பெயரை அடுத்து வரும் முதல் துண்டு மொழிக் குறியீடாக இருக்கட்டும். ஐஎஸ்ஓ 639-1 பட்டியலின் ஈரெழுத்துக் குறியீடுகள் போதும்: தமிழுக்கு டிஏ, ஆங்கிலத்துக்கு இஎன், மலையாளத்துக்கு எம்எல், கன்னடத்துக்கு கேஎன். ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் துணைப் பெயர்தளம் வைக்கும் முறையும் உண்டு. ஆனால் அதற்கு டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியலில் பதிவு, பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனி வேலை வரும். நான்கு அறை விடுதிக்கு அது அதிகம்.

ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, பிரௌசர் நினைவில் வைத்திருக்கும் குக்கீ என்ற சிறு குறிப்பைப் பார்த்து மொழியை மாற்றும் முறையை மட்டும் தொடாதீர்கள். விடுதிக்காரர் மலையாளப் பக்கத்தைத் திறந்து பார்த்து, அந்த லிங்க்கை வாட்ஸாப்பில் கோழிக்கோட்டு விருந்தினருக்கு அனுப்புவார். அவருடைய போனில் அந்தக் குக்கீ இருக்காது, ஆங்கிலம் திறக்கும். கூகுளின் தேடுபொறிக்கும் அதே கதிதான். ஒரு முகவரிக்கு ஒரு மொழிதான் அதன் கணக்கில் ஏறும், மற்றவை கண்ணில் படாது.

முகவரியின் மீதித் துண்டுகளை எந்த மொழியில் எழுதுவது என்பதில் எனக்கும் என் தமிழாசிரியர் நண்பருக்கும் தீராத வழக்கு உண்டு. தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்கலாம், பிரௌசர் அழகாகவே காட்டும். ஆனால் அதை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டும்போது பல செயலிகள் சதவீதக் குறிகளாக விரித்துவிடும். 'அறைகள்' என்ற ஒரு சொல்லே 54 எழுத்து நீளத்துக்கு ஓடும். வரவேற்பு மேசையில் அச்சடித்து ஒட்டும் தளங்களுக்கு நான் ரோமன் எழுத்துத் துண்டுகளையே வைக்கிறேன்.

சர்வரில் செய்ய வேண்டியது எளிது. எச்டிஆக்சஸ் என்ற சர்வர் அமைப்புக் கோப்பில், படம் போன்ற நிஜக் கோப்புகளுக்கானவை தவிர மற்ற எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே இண்டெக்ஸ் கோப்புக்குத் திருப்புங்கள். அங்கே பாதையைச் சாய்வுக்கோட்டில் உடைத்து, முதல் துண்டை அனுமதிக்கப்பட்ட மொழிகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பதில். முகவரியில் வந்த துண்டை அப்படியே கோப்புப் பெயரில் சேர்த்து மொழிக் கோப்பைத் திறக்கும் நிரல்கள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றை நகலெடுக்க வேண்டாம். மொழிக்குப் பதிலாக இரட்டைப் புள்ளிகளைப் போட்டு உங்கள் அடைவுகளில் மேலே ஏறிப் போக நினைப்பவருக்கு அது திறந்த கதவு.

மொழிக் குறியீடு இல்லாத வெறும் முகப்பு முகவரிக்கு மட்டும் சர்வர் ஒரு மொழியை முன்வைக்கட்டும். முதலில் குக்கீயைப் பாருங்கள். அவர் முன்பு எதையாவது சொடுக்கித் தேர்ந்திருந்தால் அதுவே இறுதி. இல்லையென்றால் பிரௌசர் கோரிக்கையோடு தன் விருப்ப மொழிகளைச் சொல்லி அனுப்பும் 'அக்செப்ட்-லாங்குவேஜ்' தலைப்பு (ஹெடர்). அதுவும் இல்லையென்றால் தளத்தின் இயல்பு மொழி. கூகுளின் தேடுபொறி பொதுவாக அந்தத் தலைப்பை அனுப்புவதில்லை, ஆகவே அது பெரும்பாலும் இயல்பு மொழிக்கே போகும். திருப்பிவிட, தற்காலிகத் திருப்பம் என்று பொருள்படும் 302 குறியீட்டைப் பயன்படுத்துங்கள். 301 என்பது நிரந்தரம் என்று பொருள்படுவதால் பிரௌசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு அவர் மொழியை மாற்றினாலும் முகப்பு பழைய மொழிக்கே இழுக்கும். அந்தப் பதிலோடு 'வேரி' தலைப்பில் அக்செப்ட்-லாங்குவேஜ், குக்கீ இரண்டையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் நடுவிலுள்ள தற்காலிகச் சேமிப்பகம் (கேஷ்) ஒருவருக்குக் கொடுத்த திருப்பத்தையே எல்லோருக்கும் கொடுக்கும். உள்பக்கங்களில் எந்தத் திருப்பமும் வேண்டாம். மொழியோடு வந்த லிங்க், வந்த மொழியிலேயே திறக்கட்டும்.

அந்தத் தலைப்பில் மொழிகள் காற்புள்ளி இட்டு வரும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் க்யூ என்ற எடை, 0 முதல் 1 வரை. எடை இல்லாவிட்டால் 1 என்று கொள்ள வேண்டும். 0 என்றால் அந்த மொழி வேண்டாம் என்று அர்த்தம். பல மொழி வழக்குகளைக் கையாளும் பிஎச்பியின் 'இன்டல்' நீட்சியில் இதற்கென ஒரு செயற்கூறு இருக்கிறது. ஆனால் அது தனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலிருந்தும் ஒன்றைத் தேர்ந்து கொடுக்கிறது, உங்கள் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. முதல் விருப்பம் கொங்கணி, அடுத்தது கன்னடம் என்று வைத்திருப்பவருக்குக் கொங்கணி என்று பதில் வந்து, கன்னடம் கைநழுவிவிடும். பதினைந்து வரியில் நீங்களே எழுதிவிடலாம்: காற்புள்ளியில் உடை, எடை 0 உள்ளதை விலக்கு, மீதியை எடைப்படி இறங்குவரிசையில் அடுக்கு, நாட்டுக் குறியீட்டை நீக்கிவிட்டு உங்கள் பட்டியலில் முதலில் பொருந்துவதை எடு.

இவ்வளவுக்குப் பிறகும் பலருடைய போன் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ்ச் செய்தித்தாள் மட்டுமே படிக்கும் பெரியவரின் போனும் கடைக்காரர் அமைத்துக் கொடுத்த ஆங்கிலத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மொழி மாற்றும் பட்டை எல்லாப் பக்கத்திலும், மேலேயே, கண்ணில் படும்படி வேண்டும். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில் இருக்க வேண்டும். கொடிப் படங்கள் வேண்டாம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் எந்தக் கொடியைப் போடுவீர்கள்? சொடுக்கினால் அதே பக்கத்தின் மற்ற மொழி வடிவத்துக்குப் போக வேண்டும். அறை வாடகையைப் படித்துக்கொண்டிருந்தவரை முகப்புக்குத் துரத்தும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

வாக்கியங்கள்

பொத்தான், தலைப்பு, பிழைச் செய்தி போன்ற சிறு துணுக்குகளுக்கு மொழிக்கு ஒரு கோப்பு. 'கெட்டெக்ஸ்ட்' என்ற பழைய, நல்ல கருவி உண்டு. ஆனால் பிஎச்பியில் அது சர்வரின் இயங்குதளத்தில் அந்த மொழி நிறுவப்பட்டிருப்பதை எதிர்பார்க்கிறது. பகிர்வு ஹோஸ்டிங்கில் தமிழை நிறுவித் தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது. ஒரு வரிசையை (அரே) திருப்பித் தரும் சாதாரணப் பிஎச்பி கோப்பு போதும். சாவிகளுக்கு ஆங்கில வாக்கியத்தையே வைக்காமல், 'முன்பதிவு.உறுதி', 'அறை.வாடகை' என்று வேலையைக் குறிக்கும் பெயர் வையுங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் மற்ற மொழிகள் அறுந்துபோகாது.

விடுபட்ட துணுக்குக்கு எந்த மொழி என்பதையும் அங்கேயே தீர்மானித்துவிடுங்கள். அடியில் ஆங்கில வரிசை, அதன் மேல் கேட்ட மொழியின் வரிசை, 'அரே_ரீப்ளேஸ்' கொண்டு ஒன்றின்மேல் ஒன்று. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் திரும்பும் சொந்தபந்தங்களுக்காக ஒரு வரவேற்புப் பக்கம் படுகு மொழியில் வேண்டும் என்று கோத்தகிரியில் ஒரு குடும்பம் கேட்டது. தமிழ் எழுத்தில் எழுதித் தந்தார்கள். அந்த மொழிக்கு ஈரெழுத்துக் குறியீடு இல்லை. ஐஎஸ்ஓ 639-3 தரும் மூவெழுத்துக் குறியீடு பிஎஃப்க்யூ. தமிழ் எழுத்தில் எழுதப்பட்டது என்று சொல்ல அதோடு டிஏஎம்எல் என்ற எழுத்துக் குறியைச் சேர்க்க வேண்டும். விடுபட்டவற்றுக்கு அங்கே முதலில் தமிழ், பிறகுதான் ஆங்கிலம். தேதிக்கும் எண்ணுக்கும் 'இன்டல்' நீட்சியிடம் படுகு மொழியைக் கேட்காமல் நேரே தமிழ் என்று கொடுத்துவிடுங்கள்.

இனி, நிரல் எழுதுபவர்கள் வழுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயர் ஒரு மாறியில் இருக்கும். அதன் பின்னால் 'இலிருந்து' என்று ஒட்டினால் வாக்கியம் தயார் என்று ஆங்கிலத்தில் பழகிய கை நினைக்கும். குன்னூர் குன்னூரிலிருந்து ஆகும், சரி. கோத்தகிரி கோத்தகிரியிலிருந்து, குந்தா குந்தாவிலிருந்து, அரவங்காடு அரவங்காட்டிலிருந்து. நான்கு ஊருக்கு நான்கு விதம். புணர்ச்சி விதிகளை நிரலாக எழுத முயன்றவர்களை எனக்குத் தெரியும், முடித்தவர்களைத் தெரியாது. இரண்டு வழிகள் வேலை செய்கின்றன. அட்டவணையிலும் படிவத்திலும் 'புறப்படும் இடம்: அரவங்காடு' என்று முக்காற்புள்ளி வைத்து வேற்றுமை உருபையே தவிர்த்துவிடலாம். முழு வாக்கியம் வேண்டிய இடத்தில், ஊர் அட்டவணையிலேயே ஒவ்வொரு மொழிக்கும் நீங்கல் வடிவம், கொடை வடிவம் இரண்டையும் எழுதிச் சேமித்துவிடுங்கள். ஒரு விடுதித் தளத்தில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பெயர்கள் வரும். கையால் எழுத ஒரு தேநீர் ஆறும் நேரம் போதும்.

எண்ணோடு வரும் சொல்லுக்கு 'இன்டல்' நீட்சியின் 'மெசேஜ்ஃபார்மேட்டர்' இருக்கிறது. தமிழுக்கு ஒன்று, மற்றவை என இரண்டே வகை: 1 அறை, 3 அறைகள். முழு வாக்கியத்தையும் அதற்குள் வையுங்கள். துண்டு துண்டாக வைத்து நிரலில் கோத்தால் மொழிபெயர்ப்பவருக்குச் சொல்வரிசையை மாற்ற வழியில்லாமல் போகும். வாடகையையும் தேதியையும் 'நம்பர்ஃபார்மேட்டர்', 'இன்டல்டேட்ஃபார்மேட்டர்' இரண்டிடம் விட்டுவிடுங்கள். தமிழ்-இந்தியா என்று கொடுத்தால் 1,00,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வரும். பழைய 'எஸ்டிஆர்எஃப்டைம்' பிஎச்பி 8.1 முதல் கைவிடும் பட்டியலில் இருக்கிறது.

மாறும் விதிகள்

அறை வருணனை, சுற்றிப் பார்க்கும் இடங்கள், விதிகள் எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும். அறை அட்டவணையில் 'தலைப்பு_தமிழ்', 'தலைப்பு_ஆங்கிலம்' என்று மொழிக்கு ஒரு நெடுவரிசை சேர்க்காதீர்கள். அறை எண், விலை, படம் ஓர் அட்டவணை. அறை எண், மொழி, தலைப்பு, வருணனை இன்னோர் அட்டவணை. அறை எண்ணும் மொழியும் சேர்ந்து முதன்மைச் சாவி. அடுத்த ஆண்டு இந்தி வேண்டும் என்றால் வரிசைகள் கூடும், அமைப்பு மாறாது. கேட்ட மொழியில் இல்லாததை அட்டவணைகளை இணைக்கும் 'லெஃப்ட் ஜாயின்' இரண்டு போட்டு, வெறுமையாக இல்லாத முதல் மதிப்பை எடுக்கும் 'கோயலெஸ்' மூலம் மாற்று மொழியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பெரிய கவலை, விடுபட்ட மொழிபெயர்ப்பைவிடப் பழசாகிப்போன மொழிபெயர்ப்புதான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் சீசனுக்காக நீலகிரியில் வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. விடுதிக்காரர் தமிழ்ப் பக்கத்தை அன்றே திருத்திவிடுவார். கன்னடப் பக்கம் இ-பாஸே இல்லாத காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதைப் படித்துவிட்டு மைசூரிலிருந்து புறப்படும் குடும்பம் சோதனைச் சாவடியில் நிற்கும். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருப்பதும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதும் இதே வகைச் செய்திகள்.

ஆகவே மொழிபெயர்ப்பு அட்டவணையில் இன்னொரு நெடுவரிசை: எந்த மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டதோ அந்த மூல உரையின் ஹாஷ், அதாவது உரையில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சிறு அடையாளக் கோவை. மூலம் மாறினால் இரண்டும் ஒத்துப்போகாது, மொழிபெயர்ப்பு பழசு என்று நிரலுக்குத் தெரிந்துவிடும். அதன்பின் என்ன செய்வது என்பதை உள்ளடக்கத்தின் வகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு தெரிகிறது என்ற வருணனை பழசாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, அப்படியே காட்டலாம். விதி, கட்டணம், ரத்து நிபந்தனை என்றால் பழைய மொழிபெயர்ப்பை மறைத்துவிட்டுப் புதிய ஆங்கில உரையைக் காட்டி, மேலே கன்னடத்தில் ஒரு வரி: இந்தப் பகுதி புதுப்பிக்கப்படுகிறது. அந்த ஆங்கிலப் பத்திக்குத் தனியாக ஆங்கில மொழிக் குறி கொடுங்கள், திரைவாசிப்பான் சரியாக உச்சரிக்கும். இதற்காகவே விடுதிக்காரரிடம் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: தமிழைத் திருத்தும் நாளிலேயே ஆங்கிலத்தையும் திருத்த வேண்டும். மற்ற மொழிகள் ஒரு வாரம் தாமதிக்கலாம்.

எழுத்துகள்

தரவுத்தள அட்டவணை, அதோடு பேசும் இணைப்பு, பக்கத்தோடு அனுப்பும் தலைப்பு மூன்றும் ஒரே குறியாக்கத்தில் இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 'யூடிஎஃப்8எம்பி4'. இணைப்பில் இதைச் சொல்ல மறந்தால்தான் தமிழ் கேள்விக்குறிகளாக மாறும்.

வெட்டும்போது கவனம். 'ஊட்டி' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறிகள், சேமிப்பில் 15 பைட்டுகள். வெறும் 'சப்ஸ்டர்' பைட்டுகளை எண்ணும், பாதி எழுத்தை வெட்டி உடைந்த கட்டம் காட்டும். 'எம்பி_சப்ஸ்டர்' குறிகளை எண்ணும், நான்கு என்று வெட்டினால் 'ஊட்ட' என்று நிற்கும். 'கிராஃபீம்_சப்ஸ்டர்' மட்டுமே எழுத்தை எழுத்தாகப் பார்க்கிறது. விருந்தினரின் பெயரைச் சரிபார்க்கும் விதியிலும் இதே சிக்கல் உண்டு. யூனிகோடின் 'எழுத்து' வகையை மட்டும் அனுமதித்தால் புள்ளியும் உயிர்க்குறிகளும் வேறு வகையைச் சேர்ந்தவை என்பதால் முருகனும் மீனாட்சியும் தவறான பெயர்கள் ஆகிவிடுவார்கள். 'குறி' (மார்க்) வகையையும் சேர்த்து அனுமதியுங்கள்.

அகரவரிசைக்கு 'இன்டல்' நீட்சியின் 'கொலேட்டர்'. யூனிகோடில் ன, ற, ள, ழ ஆகியவை நம் நெடுங்கணக்கின் இடத்தில் இல்லை. பூப்பெயர் வைத்த அறைகளைச் சாதாரண 'சார்ட்' அடுக்கினால் மல்லிகைக்கு முன்னால் மனோரஞ்சிதம் வந்து உட்காரும். தமிழ் என்று சொல்லிக் கொலேட்டரிடம் கொடுத்தால் மல்லிகை முன்னால் வரும்.

தேடுபொறிக்கும் போனுக்கும்

ஒவ்வொரு பக்கத்தின் எச்டிஎம்எல் தொடக்கத்திலும் மொழிக் குறி. தலைப்பகுதியில், ஒரே பக்கத்தின் மொழி வடிவங்களைத் தேடுபொறிக்குக் காட்டும் எச்ரெஃப்லாங் லிங்க்குகள்: தன்னையும் சேர்த்து எல்லா மொழி வடிவங்களும், முழு முகவரியோடு. மலையாளப் பக்கம் தமிழைக் காட்டினால் தமிழும் மலையாளத்தைக் காட்ட வேண்டும். ஒருதலையாக இருந்தால் கூகுள் அதைக் கணக்கில் கொள்ளாது. மொழி தேரும் முகப்புக்கு எக்ஸ்-டிஃபால்ட் என்ற பொதுக் குறி. எது அசல் முகவரி என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிக்கல் லிங்க், ஒவ்வொரு பக்கத்திலும் அந்தப் பக்கத்தையே சுட்ட வேண்டும். எல்லாமே ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால் மற்ற மொழிகளை நீங்களே தேடலிலிருந்து விலக்கியதாகிவிடும். மொழிபெயர்ப்பே இல்லாத பக்கத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

முன்பதிவு செய்தவரின் மொழியை முன்பதிவோடு சேமித்துவையுங்கள். உறுதிச் செய்தி அனுப்பும் நிரல் பின்னணியில் ஓடும்போது அங்கே முகவரியும் இருக்காது, பிரௌசரும் இருக்காது. குறுஞ்செய்தி என்றால் நீளத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி தமிழில் 70 குறிகள்தான் கொள்ளும். நீண்டு பல துண்டானால் துண்டுக்கு 67. புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். 'உங்கள் முன்பதிவு உறுதியானது' என்பதற்கே 27 போய்விடும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் விதிப்படி செய்தி வார்ப்புருக்களை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். தமிழ் வார்ப்புருவை ஆங்கிலத்தோடு சேர்த்தே பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள்.

சோதனைக்குப் பிரௌசரை நம்பாதீர்கள், அதில் உங்கள் குக்கீ ஏற்கெனவே இருக்கும். 'கர்ல்' என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு முகப்பைக் கேளுங்கள்: மொழித் தலைப்பே இல்லாமல் ஒரு முறை, மலையாளம் முதலாக ஒரு முறை, தளத்தில் இல்லாத பிரெஞ்சு மட்டும் வைத்து ஒரு முறை, தமிழ் எடை 0 என்று ஒரு முறை. 302 எங்கே சுட்டுகிறது, வேரி தலைப்பு வந்ததா என்று பாருங்கள். பிறகு மலையாள உள்பக்கம் ஒன்றைத் தமிழ் முதலாகக் கேளுங்கள். 200, அதாவது திருப்பமில்லாத சரியான பதில் வந்து, மலையாளமே வர வேண்டும்.